குரலும் பியானோவும் பகிரும் கூற்று: ஷ்வார்ட்ஸ்கோப் – ஃபிஷர் ஷூபெர்ட் இசைத்தட்டு (1952)

ஆய்வுச் சுருக்கம்

1952 அக்டோபரில் இலண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் சொப்ரானோ பாடகி எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப்பும் பியானோக் கலைஞர் எட்வின் ஃபிஷரும் ஃப்ரான்ஸ் ஷூபெர்ட்டின் 12 பாடல்களைப் பதிவு செய்தனர். ஐரோப்பியப் புத்தியல்புக் காலக் கலைப்பாடலின் ஒலிப்பதிவுகளுள் பெரிதும் போற்றப்படும் ஒன்று இது. இப்பதிவைப் பாடகியின் சாதனையாகவே நோக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாறு நோக்கும்போது பாடலின் பொருளில் பாதி கேட்கப்படாமல் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். 'இராட்டையருகே கிரெட்சன்', 'இளவேனிலில்', 'இளம் கன்னியாஸ்திரி', 'இசைக்கு' ஆகிய நான்கு பாடல்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலைப்பாடல், ஷூபெர்ட், ஷ்வார்ட்ஸ்கோப், எட்வின் ஃபிஷர், கூற்று, ஒலிப்பதிவு.

முன்னுரை

ஜெர்மன் மொழியில் 'லீட்' எனப்படும் கலைப்பாடல், முன்னரே எழுதப்பட்ட கவிதை ஒன்றைக் குரலுக்கும் பியானோவுக்குமாக இசையமைத்த வடிவமாகும். இதனைத் தமிழில் எழுத முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு கலைச்சொல் பற்றியது. பியானோவைப் 'பக்கவாத்தியம்' என்று குறிப்பதே எளிதாகத் தோன்றும். ஆயினும் பக்கவாத்தியக் கலைஞர் பாடுபவரின் போக்கை மேடையிலேயே உணர்ந்து, அந்நேரத்துக்குரிய மறுமொழியைத் தம் கருவியில் உருவாக்குகிறார். கலைப்பாடலில் பியானோ வாசிக்க வேண்டிய ஒவ்வொரு சுரமும் இசையமைப்பாளரால் எழுதப்பட்டது. பாடகர் வாய் திறக்கும் முன்பே பாடல் தொடங்கியிருக்கும். அவர் நிறுத்திய பின்னும் அது முடிந்திராது. 'துணையிசை' என்னும் சொல்லும் யார் முதன்மை, யார் துணை என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே இக்கட்டுரையில் 'பியானோப் பகுதி' என்ற நடுநிலைச் சொல்லே ஆளப்படுகிறது. பாடல் தலைப்புகள் தமிழாக்கித் தரப்படுகின்றன. அவற்றுடன் வரும் எண்கள் ஓட்டோ எரிக் டாய்ச் 1951இல் வெளியிட்ட ஷூபெர்ட் படைப்புப் பட்டியலைச் சார்ந்தவை.

சொல்லில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு ஐரோப்பிய இசையுலகிலும் நீண்ட காலம் நிலவியது. பியானோக் கலைஞர் ஜெரால்ட் மூர் 1943இல் தம் நூலுக்கு 'வெட்கப்படாத துணைக் கலைஞர்' என்ற பொருளில் தலைப்பிட்டார். தன்வரலாற்று நூலின் தலைப்பாக 1962இல் அவர் தேர்ந்தது, 'நான் மிகுந்த ஓசை எழுப்புகிறேனா?' என்னும் கேள்வி. அதில் இழையோடும் நகைச்சுவை, தொழிலில் நீடித்ததொரு மனக்குறையிலிருந்து பிறந்தது. ஷ்வார்ட்ஸ்கோப் பல ஆண்டுகள் இணைந்து பாடியது இந்த மூருடன்தான். 1952இல் அவருடன் அமர்ந்தவரோ துணைக் கலைஞராக வாழ்ந்தவரல்லர்.

இருவர், ஒரு தட்டு

எட்வின் ஃபிஷர் 1886இல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர். பாஹ்கின் 'செவ்விய சுருதிப் பியானோ' தொகுதிகள் இரண்டையும் முதன்முதலில் முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர் அவரே. 1933 முதல் 1936 வரை அப்பணி நடந்தது. தனிவாசிப்பு, இசைக்குழு நடத்துதல், கற்பித்தல் ஆகியவற்றில் புகழ்பெற்றிருந்த அவர் 1952 அக்டோபரில் 66 வயதை எட்டினார். விரல் தவறி ஒலிக்கும் சுரங்கள் அவருடைய பதிவுகளில் இருப்பதை அவரைப் போற்றுவோரும் மறைப்பதில்லை. நாதத்தின் நிறைவுக்காக அத்தவறுகளைப் பொருட்படுத்தாமல் கேட்கும் மரபொன்று அவரைச் சூழ்ந்து உருவாகியிருந்தது.

எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் 1915இல் பிறந்தவர். பதிவின்போது அவருக்கு வயது 36. ஃபிஷருக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரு தலைமுறை இடைவெளி உண்டு. பதிவைத் தயாரித்த வால்டர் லெக் 1931இல் ஹ்யூகோ வுல்ஃப் பாடல்களுக்கென முன்பணம் செலுத்துவோர் சங்கத்தை இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக உருவாக்கியவர்; 1945இல் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை நிறுவியவர். அவரும் ஷ்வார்ட்ஸ்கோப்பும் 1953இல் மணந்துகொண்டனர். ஒரு சொல்லின் ஒலிப்புக்காக மீண்டும் மீண்டும் பாடிப் பதியும் அவ்விருவரின் கண்டிப்பு நன்கு அறியப்பட்டது. பிழை பொறுக்காத பாடகியையும் பிழையைப் பெரிதாகக் கொள்ளாத பியானோக் கலைஞரையும் ஒரே அறையில் அமர்த்திய முடிவில் லெக்கின் துணிவு தெரிகிறது.

தொழில்நுட்பச் சூழலையும் இங்குக் கருத வேண்டும். ஈ.எம்.ஐ. நிறுவனம் பிரிட்டனில் எல்.பி. இசைத்தட்டுகளை விற்பனைக்குக் கொணர்ந்தது இதே 1952 அக்டோபரில்தான். பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடங்களே அடங்கும். பாடல் ஒன்று கேட்டால் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். எல்.பி. தட்டிலோ 12 பாடல்கள் அடுத்தடுத்து ஒலிக்கக்கூடிய நிகழ்வொன்று சாத்தியமாயிற்று. இந்த 12 பாடல்களை ஷூபெர்ட் ஒருபோதும் தொகுதியாக எண்ணவில்லை. அவற்றுள் முந்தையது 1814ஐச் சார்ந்தது. பிந்தையது 1827ஐச் சார்ந்தது. 'இசைக்கு' என்னும் பாடலில் தொடங்கி 'கலைத்தேவியின் மைந்தன்' என்னும் பாடலில் முடியும் வரிசையைப் புதிய ஊடகமே தோற்றுவித்தது எனலாம்.

இத்தட்டை உலகியல் தீண்டாத தூய கலையாக மட்டும் காட்டும் எழுத்துகளும் உள்ளன. ஷ்வார்ட்ஸ்கோப் 1940இல் நாசிக் கட்சியில் சேர்ந்தவர். போருக்குப் பின் அதனை மறுத்து, பல்லாண்டுகள் கழித்தே ஒப்புக்கொண்டார். அவருடைய பாடும் முறையில் 'செயற்கை' உண்டு என்னும் குற்றச்சாட்டோடு இவ்வரலாறு சில வேளைகளில் கலந்துவிடுகிறது. முகமூடி அணிந்தவரின் குரலிலும் முகமூடி இருக்கும் என்னும் ஊகமே அதற்கு அடிப்படை. அவ்வரலாற்றை மறைப்பது நேர்மையாகாது. அதேவேளை ஒலிப்பு முறையொன்றை ஒழுக்கச் சான்றாகக் கொள்வது திறனாய்வும் ஆகாது. செயற்கை பற்றிய வினாவுக்கு விடையைப் பாடலினுள்ளேயே தேட வேண்டும்.

யாருடைய கூற்று?

அகப்பாடலைப் பயிலும் தமிழ் ஆய்வாளருக்குக் 'கூற்று' என்னும் கருத்தாக்கம் இங்குப் பயன்படும். பாடல் யார் வாய்மொழி என்று கேட்ட பின்னரே அதன் பொருளுக்குள் நுழைய முடியும். கலைப்பாடலில் இவ்வினா சிக்கலாகிறது. எட்வர்ட் டி. கோன் 1974இல் வெளியிட்ட 'இசையமைப்பாளரின் குரல்' என்னும் பொருள்படும் நூலில், பாடும் பாத்திரம் வேறு, கருவியிசையில் இயங்கும் பாத்திரம் வேறு, இரண்டையும் அடக்கிய முழுமை வேறு எனப் பிரித்துக் காட்டினார். பாடும் பாத்திரம் அறியாததைக் கருவி அறிந்திருக்கலாம்; அவளே சொல்லத் துணியாததை அது சொல்லவும் கூடும்.

கவிதையின் பக்கம் நின்று பார்த்தால் இதுவோர் அத்துமீறலாகவும் தோன்றும். ஷூபெர்ட்டின் நண்பர் யோசெஃப் ஃபான் ஷ்பவுன் 1816இல் கோத்தேயின் கவிதைகளுக்கு அமைந்த பாடல்களைக் கவிஞருக்கே அனுப்பினார். அவை கருத்தேதும் இன்றித் திரும்பின. ஒரே மெட்டு எல்லாக் கண்ணிகளையும் தாங்க, சொல் முன்னிற்கும் எளிய இசையமைப்பையே கோத்தே விரும்பினார். அம்மௌனத்தை முதிய கவிஞரின் செவிட்டுத்தனமாகச் சித்திரிப்பது வரலாற்று நூல்களின் வழக்கம். பியானோ தன் கவிதைக்குள் புகுந்து இன்னொரு கூற்றை நிறுவுவதை அவர் உணர்ந்திருந்தால், அவர் தயங்கியதற்குக் காரணம் இல்லாமலில்லை.

இராட்டை நிற்குமிடம்

'இராட்டையருகே கிரெட்சன்' (டி. 118) 1814 அக்டோபர் 19 அன்று இயற்றப்பட்டது. ஷூபெர்ட்டுக்கு அப்போது வயது 17. கோத்தேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தின் முதற்பகுதியில் கிரெட்சன் தனித்திருந்து நூற்கும் காட்சி இது. அதே நாடகத்தில் தூலே மன்னன் பற்றிய பாட்டை அவள் பாடுவதாகவே குறிப்பு உள்ளது. இராட்டைக் காட்சியில் அத்தகைய குறிப்பு இல்லை. ஆகவே அவள் பாடுவதாகக் கொள்வதை விட, எண்ணுவதாகக் கொள்வதே பொருந்தும். வெளியே கேட்கக்கூடியது இராட்டையின் ஒலி ஒன்றுதான்.

ஷூபெர்ட் இதனை மிக நுணுக்கமாகக் கையாண்டுள்ளார். பியானோவின் வலக்கைக்கு இடைவிடாது தொடுத்து வாசிக்கும்படி குறிப்பு, அது சக்கரம். இடக்கைக்குச் சுரங்களைத் துண்டித்து வாசிக்கும்படி குறிப்பு, அது மிதி. வேகத்துக்கோ 'மிக விரைவாக வேண்டாம்' என்பதே கட்டளை. காதலனின் நடை, தோற்றம், புன்னகை, பேச்சு என அவள் நினைவு பெருகும்போது இடக்கையில் மிதியின் அசைவு மறைந்து நீண்ட ஒலிச்சேர்க்கைகள் வருகின்றன. கால் மிதிப்பதை மறந்துவிட்டது. சக்கரம் மட்டும் ஏதோ வேகத்தில் சுழல்கிறது. முத்தம் என்னும் சொல்லில் அதுவும் நின்றுவிடுகிறது. அதன் பின் குரல் ஓய்ந்திருக்க, வலக்கை தயங்கித் தயங்கிச் சுழற்சியை மீண்டும் தொடங்குகிறது.

அந்தச் சில நொடிகளில் பாடகிக்குச் செய்ய எதுவுமில்லை. பாத்திரத்தின் மிக அந்தரங்கமான நிகழ்ச்சி, அதாவது கனவிலிருந்து அவள் வேலைக்குத் திரும்புவது, முழுவதும் பியானோவின் கூற்றாகிவிடுகிறது. பாடகியின் அடுத்த நுழைவை எதிர்நோக்கிக் காத்திருக்கும் கலைஞர் இவ்விடத்தை ஓர் இடைவெளியாகவே வாசிப்பார். ஃபிஷரிடம் அது இடைவெளியாக இல்லை. சக்கரத்தைத் தள்ளிப் பார்க்கும் கையின் சோர்வு அவருடைய தொடுகையில் இருக்கிறது. கட்டையை அடிக்காமல் அழுத்தும் அவருடைய மென்மையான நாதம், இராட்டையை எந்திரமாக்காமல் கிரெட்சனின் உடலாக்கிவிடுகிறது. தொடக்கத்திலும் அவர் விரைவதில்லை. இப்பாடலை வேகத்தால் சூடேற்றும் கலைஞர்கள் பலர். அவர்களிடம் உச்சம் வரும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

ஷ்வார்ட்ஸ்கோப்பின் பாட்டில் இதன் விளைவைக் கேட்கலாம். பொதுவாகச் சொல் ஒவ்வொன்றுக்கும் தனி ஒளி பாய்ச்சுவது அவர் இயல்பு. இங்கே அந்த நுணுக்கம் அளவோடு நிற்கிறது. கண்ணிகளின் தொடக்கத்தில் அவர் குரலை ஏறத்தாழ நிறமற்றதாகவே வைத்திருக்கிறார். உணர்ச்சியைத் தாங்கும் பணியைச் சக்கரத்திடம் விட்டுவிடுகிறார். கோத்தேயின் கவிதை உணர்ச்சியின் உச்சத்திலேயே முடிகிறது. ஷூபெர்ட் முதற்கண்ணியின் தொடக்க அடிகளை இறுதியில் மீட்டும் சேர்த்தார். அந்த மீட்சியில் பாடகி தருவது களைப்பு மட்டுமே. அதில் நடிப்பு தெரியவில்லை. பியானோ தன் பங்கைச் சொல்லிவிட்டதால் அவருக்கு நடிக்க வேண்டிய தேவை எழவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

மாறாத மெட்டு, மாறும் நினைவு

'இளவேனிலில்' (டி. 882) 1826இல் எர்ன்ஸ்ட் ஷுல்ட்சேயின் கவிதைக்கு அமைந்தது. முன்பு காதலியுடன் நடந்த இடத்தில் இப்போது தனியே இருப்பவனின் மொழி அது. வசந்தம் அப்படியே இருக்கிறது. மாறியது உறவு மட்டும். ஷூபெர்ட் இவ்வுள்ளடக்கத்தை அமைப்பாகவே மாற்றினார். குரலுக்குரிய மெட்டு பெரும்பாலும் அதுவாகவே திரும்பி வர, பியானோப் பகுதி ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுகிறது. ஓரிடத்தில் மைனருக்கு மாறிக் கலங்கிப் பின் தெளிகிறது. சொல்பவன் தான் அமைதியாக இருப்பதாகவே நம்புகிறான். அவனுள் நடப்பதைப் பியானோ அறியும். கோன் கூறும் இரண்டு பாத்திரங்களுக்கும் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

12 பாடல்களுள் கலைஞர்கள் இருவரும் முழுமையாக ஒன்றுபடுவது இதில்தான். மாறுதல்களை ஃபிஷர் அறிவிப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று தானே விளைவதுபோல் வருகிறது. முதிய தனிவாசிப்புக் கலைஞர் மாறுபாட்டு வடிவங்களில் வாழ்நாள் முழுதும் பெற்ற பயிற்சி இங்கே துணைநிற்கிறது. சொல்பவன் ஆண் என்பது பற்றியும் ஒரு சொல்: இப்பதிவில் 'கலைத்தேவியின் மைந்தன்', 'சில்வியாவுக்கு' முதலியவும் ஆண் கூற்றாகவே அமைந்தவை, சொப்ரானோ அவற்றைப் பாடுவதை மரபு ஏற்றுக்கொண்டுள்ளது.

'இளம் கன்னியாஸ்திரி' (டி. 828) வேறு வகையானது. யாக்கோப் நிக்கோலாஸ் கிரைகரின் கவிதைக்கு 1825இல் அமைந்த இப்பாடல் எஃப் மைனரில் புயலுடன் தொடங்கி எஃப் மேஜரில் அமைதியடைகிறது. வலக்கை நடுக்க ஒலியைத் தொடர, இடக்கை அதனைக் கடந்து மேலே சென்று மணியோசையை எழுப்புகிறது. புயல் கன்னியாஸ்திரியின் கடந்த காலம். மணி அவள் செல்லவிருக்கும் இடம். ஒரே கலைஞரின் இரு கைகள் ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்திருக்கின்றன. ஃபிஷரின் ஆழ்ந்த கீழ்த்தொனிக்கு ஷ்வார்ட்ஸ்கோப்பின் மெல்லிய குரல் முழுதும் ஈடுகொடுப்பதாகச் சொல்ல முடியாது. புயற்பகுதியில் அவர் கதை சொல்பவராகவே நிற்கிறார். கதைக்குள் இருப்பவராக மாறுவது மேஜர் வந்த பின்னர்தான்.

சொல்லின் மிகை

ரோலான் பார்த் 1972இல் எழுதிய 'குரலின் இழை' எனத்தக்க கட்டுரை, ஜெர்மன் கலைப்பாடலின் பெரும்புகழ் பெற்ற பாடகர் டீட்ரிஹ் ஃபிஷர்-டீஸ்கவைக் கடுமையாக நோக்கியது. பொருள் முழுவதையும் துல்லியமாக உணர்த்தும் அக்கலையில் உடல் கேட்பதில்லை என்பது பார்த்தின் குறை. எதிர்ச்சான்றாக அவர் நிறுத்தியது ஷார்ல் பான்செராவின் குரலை. ஷ்வார்ட்ஸ்கோப்பைப் பற்றி எழும் குறையும் இதே இனத்தைச் சார்ந்தது. பொருளை உணர்த்தும் பொறுப்பைத் தனியொருவராகச் சுமப்பதால் குரல் விளக்கவுரையாகிவிடுகிறது. பார்த்தின் ஒப்பீடு குரலுக்கும் குரலுக்கும் இடையிலானது. பியானோ அதில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கவுரையின் சுமையைக் கருவி ஏற்றுக்கொள்ளும்போது குரலுக்கு என்ன நேர்கிறது என்பது அவர் எழுப்பாத வினா.

இதன் மறுதலையை 'இசைக்கு' (டி. 547) காட்டுகிறது. ஷூபெர்ட்டின் நண்பர் ஃப்ரான்ஸ் ஃபான் ஷோபர் எழுதிய இரண்டே கண்ணிகள்; 1817இல் அமைந்த இசை. இரண்டுக்கும் ஒரே மெட்டு. வலக்கையில் மென்மையான ஒலிச்சேர்க்கைகள் துடித்துக்கொண்டிருக்க, இடக்கை குரலுக்கு முன்பே பாடத் தொடங்கிவிடுகிறது. பின்னர் குரலுக்கு மறுமொழியும் தருகிறது. நன்றி கூறுவதன்றி இப்பாடலில் நிகழ்வது ஏதுமில்லை. நிகழ்ச்சி இல்லாத அவ்விடத்தில் ஷ்வார்ட்ஸ்கோப் பக்தியைச் சொல் சொல்லாக ஏற்றுகிறார். மெய்யொலிகளில் கவனம் மிகுந்து, தொடர் தனித்தனிச் சொற்களாகப் பிரியும் நிலைக்கு அருகில் வருகிறது. இதனைப் போற்றுவோர் பலர் உண்டு. இத்தட்டின் சிகரம் இதுவே என்பாரும் உளர். எளிமையையே பொருளாகக் கொண்ட பாடலை இத்துணை அலங்காரம் தாங்குமா என்னும் ஐயம் தவிர்க்க முடியாதது.

அதே பாடலில் ஃபிஷரின் இடக்கை எதையும் வலியுறுத்துவதில்லை. இரண்டாம் கண்ணி முடிந்து குரல் ஓய்ந்த பின், பியானோ தனியே ஒரு சிறு தொடரை வாசித்துப் பாடலை முடிக்கிறது. அத்தொடர் முதற்கண்ணிக்குப் பின்னும் ஒலித்ததுதான். ஃபிஷர் அதனை மெதுவாக்கவோ அழகுபடுத்தவோ முயலாமல், முதலில் வாசித்தது போலவே வாசித்துக் கையை எடுத்துக்கொள்கிறார்.